மலேரியாவைப் பரப்புவதில் எல்லாக் கொசுக்களும் ஒன்றல்ல: எந்த இனம், எவ்வாறு?

புது தில்லி: மாலை வேளையில் வீடுகளுக்குள் நுழையும் கொசுக்களில் பெரும்பாலானவற்றால் மலேரியாவைப் பரப்ப இயலாது. உலகில் அறியப்பட்ட கொசு இனங்கள் சுமார் 3,500. அவற்றுள் அனாபிலிஸ் பேரினத்தைச் சேர்ந்தவை 400-க்கும் மேற்பட்டவை. அவற்றிலும் மனிதர்களுக்கு மலேரியாவைக் கடத்தக்கூடியவை ஏறத்தாழ 70 மட்டுமே.

இந்தியாவில் ஏறத்தாழ 60 அனாபிலிஸ் இனங்கள் காணப்படுகின்றன. எனினும் நாட்டின் மலேரியா பாதிப்புக்கு முதன்மைக் காரணமாக விளங்குபவை ஆறு இனங்களே. இந்த ஆறும் ஒரே அளவில் ஆபத்தானவை அல்ல. சில இனங்கள் சிறு எண்ணிக்கையில் இருந்தாலே ஒரு கிராமத்தை நோயில் ஆழ்த்திவிடும். வேறு சில, பெருங்கூட்டமாகப் பெருகினால்தான் நோயைப் பரப்பும்.

2030-ஆம் ஆண்டுக்குள் மலேரியாவை ஒழிக்க இந்தியா இலக்கு நிர்ணயித்துள்ளது. சுதந்திரம் பெற்ற காலத்தில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேர் மலேரியாவால் பாதிக்கப்பட்டனர். 8 லட்சம் பேர் உயிரிழந்தனர். 2023-ஆம் ஆண்டில் பாதிப்பு ஏறத்தாழ 20 லட்சமாகவும், பதிவான உயிரிழப்பு 83 ஆகவும் குறைந்ததாக மத்திய சுகாதார அமைச்சகம் தெரிவித்துள்ளது. எஞ்சியிருக்கும் பாதிப்பை அகற்றுவதற்கு, எந்த ஊரில் எந்த இனக் கொசு நோயைப் பரப்புகிறது என்பதைத் துல்லியமாக அறிவது இன்றியமையாததாகிறது.

செகந்திராபாத்தில் கிடைத்த முதல் விடை

கொசு இனங்களுக்கு இடையிலான இந்த வேறுபாடு முதன்முதலில் வெளிப்பட்டது இந்திய மண்ணில்தான். பிரிட்டிஷ் இந்திய மருத்துவப் பணியில் இருந்த ரொனால்ட் ராஸ், மலேரியா நோயாளிகளைக் கடித்த கொசுக்களை அறுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்து வந்தார். சாம்பல் நிறக் கொசுக்களிலும் வரிகள் கொண்ட கொசுக்களிலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தேடியும் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவை இன்று கியூலெக்ஸ், ஏடிஸ் என்று அறியப்படும் வகைகள்.

1897 ஆகஸ்டில், இறக்கையில் புள்ளிகள் கொண்ட பழுப்பு நிறக் கொசுக்கள் சில அவருக்குக் கிடைத்தன. ஹுசைன் கான் என்ற நோயாளியை அவை கடிக்க ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு கடிக்கும் ஓர் அணா என்பது நோயாளிக்கு அளிக்கப்பட்ட கூலி. ஆகஸ்ட் 20-ஆம் தேதி அவற்றுள் ஒன்றின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியின் உறைகளை ராஸ் கண்டார். அந்தக் கொசு அனாபிலிஸ் வகையைச் சேர்ந்தது. இக்கண்டுபிடிப்பை நினைவுகூரும் வகையிலேயே ஆண்டுதோறும் ஆகஸ்ட் 20 உலகக் கொசு தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ராஸுக்கு 1902-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மறு ஆண்டு கொல்கத்தாவில், பறவைகளுக்கு வரும் மலேரியாவைக் கியூலெக்ஸ் கொசு பரப்புவதை ராஸ் நிரூபித்தார். அதே 1898-இல் மனித மலேரியாவை அனாபிலிஸ் கொசுக்கள் பரப்புவதை இத்தாலியின் ஜொவானி பத்தீஸ்தா கிராசி குழுவினர் உறுதி செய்தனர். ஒரு கொசு இனத்தின் உடலில் வளரும் ஒட்டுண்ணி, மற்றோர் இனத்தின் உடலில் அழிந்துவிடும் என்பது அப்போதே தெளிவானது.

கொசுவின் உடலுக்குள் நடப்பது என்ன?

கொசுவை ஒட்டுண்ணியைச் சுமந்து செல்லும் ஊசியாகக் கருதுவது பொதுவாகக் காணப்படும் தவறான எண்ணம். ஒரு கடியில் கொசுவுக்குள் செல்லும் ஒட்டுண்ணி, அடுத்த கடியிலேயே வெளியேறுவதில்லை. அதன் வாழ்க்கைச் சுழற்சியின் ஒரு முக்கியப் பகுதி கொசுவின் உடலுக்குள் நிறைவுபெற்றாக வேண்டும்.

பெண் கொசு மட்டுமே இரத்தம் குடிக்கும். முட்டைகள் முதிர்ச்சி அடைய அதற்கு இரத்தப் புரதம் தேவை. நோயாளியின் இரத்தத்துடன் ஒட்டுண்ணியின் ஆண், பெண் பாலணுக்கள் கொசுவின் இரைப்பையை அடைந்து அங்கே இணைகின்றன. அதனால் உருவாகும் நகரும் கரு, ஏறத்தாழ ஒரு நாளில் இரைப்பைச் சுவரைத் துளைத்து, அதன் வெளிப்புறத்தில் உறையாக ஒட்டிக்கொள்கிறது. அந்த உறைக்குள் ஆயிரக்கணக்கான நுண்ணிய ஒட்டுண்ணிகள் உருவாகின்றன. உறை வெடித்ததும் அவை உமிழ்நீர்ச் சுரப்பியைச் சென்றடைகின்றன. அதன் பின்னரே அந்தக் கொசுவின் கடி ஆபத்தானதாகிறது.

இந்தப் பயணத்தில் ஒட்டுண்ணிகளில் மிகப்பெரும்பாலானவை மடிந்துவிடும். கொசுவுக்கும் நோய் எதிர்ப்பு ஆற்றல் உண்டு. அதன் உடல் திரவத்தில் உள்ள சில புரதங்கள் ஒட்டுண்ணியின் மீது படிந்து அதை அழிக்கின்றன. சில கொசுக்களில் ஒட்டுண்ணியைச் சுற்றிக் கரிய படலம் உருவாகி அதை முடக்கிவிடுகிறது. கியூலெக்ஸ், ஏடிஸ் கொசுக்களில் மனித மலேரியா ஒட்டுண்ணியால் இந்தத் தடைகளைக் கடக்க முடிவதில்லை. டெங்கு, சிக்குன்குனியா ஆகியவற்றைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ, யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவோ மனிதருக்கு மலேரியாவைத் தராததன் காரணம் இதுவே.

ஆயுளைப் பொறுத்த கணக்கு

ஒட்டுண்ணி கொசுவின் உடலில் வளர்ந்து முடிய, வெப்பநிலையைப் பொறுத்து ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் ஆகின்றன. வெயில் மிதமாக உள்ள பகுதிகளில் இக்காலம் நீளும். சுமார் 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். கொசுவோ பெரும்பாலும் சில வாரங்களே உயிர்வாழும் பூச்சி. எனவே நோயாளியைக் கடித்த பிறகு குறைந்தது பத்து நாட்களாவது உயிரோடு இருக்கும் கொசுவால்தான் மலேரியாவைப் பரப்ப முடியும்.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கு விளக்கும். ஓர் இனத்தைச் சேர்ந்த கொசுக்களில் நாளொன்றுக்கு 10 சதவீதம் மடிவதாகக் கொள்வோம். பத்து நாட்களுக்குப் பின் நூற்றில் 35 கொசுக்கள் எஞ்சியிருக்கும். நாளொன்றுக்கு 20 சதவீதம் மடியும் மற்றோர் இனத்தில் நூற்றில் 11 மட்டுமே எஞ்சும். அன்றாட இறப்பு இரு மடங்கானால், ஆபத்தான கொசுக்களின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சரிகிறது. வீட்டுச் சுவர்களில் பூச்சிக்கொல்லி தெளிப்பதும், மருந்து தோய்த்த கொசுவலையும் பயனளிப்பதற்கு இதுவே அடிப்படை. கொசுக்களை முற்றிலும் ஒழிக்காவிட்டாலும், அவற்றின் ஆயுளைக் குறைத்தாலே நோய்ச் சங்கிலி அறுபடும்.

மனிதரா, மாடா?

அடுத்த முக்கியக் காரணி, கொசு யாரைக் கடிக்க விரும்புகிறது என்பது. ஒட்டுண்ணி பரவ வேண்டுமானால் ஒரே கொசு இரண்டு முறை மனிதரைக் கடித்தாக வேண்டும். முதல் கடியில் நோயைப் பெறுகிறது. மற்றொரு கடியில் அதைத் தருகிறது. இடையே அது மாட்டைக் கடித்தால் அந்த வாய்ப்பு வீணாகிறது.

பத்தில் ஒன்பது முறை மனிதரைக் கடிக்கும் இனத்தையும், பத்தில் ஒரு முறை மட்டுமே மனிதரைக் கடிக்கும் இனத்தையும் ஒப்பிடலாம். கடிக்கும் விகிதத்தில் உள்ள வேறுபாடு 9 மடங்கு. இரண்டு கடிகள் தேவைப்படுவதால் நோய்பரப்பும் திறனில் உள்ள வேறுபாடு 81 மடங்காகிறது. மலேரியாவைக் கணித வழியில் ஆராய்ந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜார்ஜ் மெக்டொனால்ட் 1950-களில் இத்தகைய கணக்கீடுகளை வகுத்தார். கொசுக்களின் எண்ணிக்கை, மனிதரைக் கடிக்கும் விகிதம், ஆயுள், ஒட்டுண்ணி வளரும் காலம் ஆகியவற்றை ஒருசேரக் கணக்கில் கொள்ளும் முறை இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

ஆப்பிரிக்காவில் காணப்படும் அனாபிலிஸ் காம்பியே இனம் இந்தக் காரணிகள் அனைத்திலும் முன்னிற்கிறது. மனித இரத்தத்தையே பெரிதும் நாடும் இந்த இனம் நீண்ட ஆயுளும் கொண்டது. 2023-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் பதிவானதாக மதிப்பிடப்பட்ட 26.3 கோடி மலேரியா பாதிப்புகளில் 94 சதவீதம் உலக சுகாதார அமைப்பின் ஆப்பிரிக்கப் பிராந்தியத்தில் நேர்ந்ததற்கு இந்த இனமும் அதன் நெருங்கிய உறவினங்களும் முக்கியக் காரணம்.

இந்தியாவின் ஆறு இனங்கள்

இந்தியாவில் கிராமப்புற மலேரியாவின் முதன்மைக் காரணி அனாபிலிஸ் கியூலிசிபேசிஸ். நாட்டின் மொத்த மலேரியா பாதிப்பில் 60 முதல் 65 சதவீதம் இதனால் ஏற்படுவதாக மதிப்பிடப்படுகிறது. வாய்க்கால், குட்டை, ஆற்றுப்படுகையில் தேங்கும் நீர், நெல் வயல் ஆகியவை இதன் இனப்பெருக்க இடங்கள். வியப்புக்குரிய செய்தி என்னவெனில், இது மாட்டு இரத்தத்தையே பெரிதும் விரும்பும் கொசு. தனித்தனியாகப் பார்த்தால் திறன் குறைந்த பரப்பியான இது, மிகப் பெரும் எண்ணிக்கையில் பெருகுவதன் மூலம் அந்தக் குறையை ஈடுசெய்கிறது.

இதன் விளைவு வரலாற்றில் பதிவாகியுள்ளது. இந்த இனத்தின் பெருக்கம் மழையையும் நீர்நிலைகளையும் சார்ந்தது என்பதால், சில ஆண்டுகள் நோய் அடங்கியிருந்து திடீரெனப் பெருவாரியாக வெடிக்கும். 1908-இல் பெருமழைக்குப் பின் பஞ்சாபில் பரவிய மலேரியா ஏறத்தாழ 3 லட்சம் உயிர்களைப் பறித்தது. 1934-35-இல் இலங்கையில் வறட்சியால் ஆறுகள் வற்றி, படுகைகளில் குட்டைகள் உருவானபோது மூண்ட பெருந்தொற்றில் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் மாண்டனர்.

இதற்கு நேர்மாறானவை மலை, வன இனங்கள். ஒடிசா உள்ளிட்ட மலைப்பகுதிகளின் ஓடைகளில் வளரும் அனாபிலிஸ் புளுவியாட்டிலிஸ், வடகிழக்கு மாநிலங்களின் மலையடிவாரங்களில் காணப்படும் அனாபிலிஸ் மினிமஸ், அடர்ந்த காடுகளில் வாழும் அனாபிலிஸ் பைமாயி ஆகியவை மனித இரத்தத்தை நாடுபவை. எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் இவற்றால் ஆண்டுதோறும் நோய் நீடிக்கிறது. பழங்குடியின மக்கள் வாழும் பகுதிகளில், உயிருக்கு ஆபத்தான ஃபால்சிபாரம் வகை மலேரியா தொடர்வதற்கு இது ஒரு காரணமாகும்.

எஞ்சிய இரண்டில், அனாபிலிஸ் சண்டாய்கஸ் அந்தமான் நிகோபார் தீவுகளின் உவர்நீரில் வளர்கிறது. அனாபிலிஸ் ஸ்டெபென்சி நகர்ப்புறங்களில் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் வளர்கிறது.

ஒரே தோற்றம், வேறு குணம்

கொசு இனங்களை ஆராய்ந்த விஞ்ஞானிகளுக்கு மற்றொரு சிக்கல் காத்திருந்தது. அனாபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்று அழைக்கப்படுவது உண்மையில் ஓர் இனம் அல்ல. வெளித்தோற்றத்தில் வேறுபடுத்தவே முடியாத ஐந்து உடன்பிறப்பு இனங்களின் தொகுதி அது. ஏ, பி, சி, டி, இ என்று அவை பெயரிடப்பட்டுள்ளன. தில்லியில் இயங்கிய மலேரியா ஆராய்ச்சி மையத்தில் சரளா சுப்பாராவ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் 1980-கள் முதல் மேற்கொண்ட ஆய்வுகள் இத்தொகுதியின் தன்மையை வெளிக்கொணர்ந்தன. பெண் கொசுவின் சூலகச் செல்களில் உள்ள குரோமோசோம்களின் பட்டை அமைப்பைக் கொண்டே இவற்றைப் பிரித்தறிய முடிந்தது. அந்த மையமே இன்று தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனமாகச் செயல்படுகிறது.

இவற்றுள் பி இனம் பெரும்பாலும் மாடுகளையே கடிக்கிறது. ஆய்வகத்தில் ஒட்டுண்ணி கலந்த இரத்தம் அளிக்கப்பட்டபோதும் அதன் உடலில் ஒட்டுண்ணி குறைவாகவே வளர்ந்தது. எனவே அது மலேரியாவைப் பரப்புவதில் பங்கு இல்லாத, அல்லது மிகக் குறைந்த பங்குள்ள இனமாகக் கருதப்பட்டது. ஏ, சி, டி ஆகியவை பரப்பிகள் என்று கண்டறியப்பட்டன.

இங்குதான் ஒரு புதிர் எழுந்தது. தமிழ்நாட்டின் ராமேஸ்வரம் தீவில் பி இனமாகத் தோன்றிய கொசுக்கள் இருந்தும் மலேரியா விடாது நீடித்தது. பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையிலும் பி இனமே இருப்பதாகக் கருதப்பட்ட காலத்தில், அதே தீவு கடுமையான மலேரியாவைக் கண்டிருந்தது. பரப்பாத கொசு இருக்கும் இடத்தில் நோய் எங்கிருந்து வந்தது என்பது கேள்வியானது.

ராமேஸ்வரத்தில் பிடிக்கப்பட்ட பெண் கொசுக்களின் ஆண் சந்ததிகளில் ஒய் குரோமோசோமை ஆராய்ந்தபோது விடை கிடைத்தது. அங்கே இரு வகைக் கொசுக்கள் கலந்திருந்தன. மற்ற குரோமோசோம்களில் வேறுபாடு இல்லாத அவை, ஒய் குரோமோசோமின் வடிவத்தில் மட்டும் வேறுபட்டன. ஒட்டுண்ணியைச் சுமந்தவை ஒரு வகையைச் சேர்ந்தவை. அதுவே இ இனம் என்று 1999-இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் இலங்கையிலும் இ இனமே முக்கியப் பரப்பி என்பது உறுதியானது.

அனாபிலிஸ் புளுவியாட்டிலிஸிலும் இதே நிலை காணப்படுகிறது. அதன் உடன்பிறப்பு இனங்களில் எஸ் எனப்படுவது மனிதரை நாடும் வலிமையான பரப்பி. மற்றவை பெரிதும் மாடுகளை நாடுபவை.

இந்த வேறுபாட்டை அறியாமல் கொசுக்களை எண்ணினால், தவறான இனத்தின் மீது பணமும் உழைப்பும் செலவாகும். பூச்சிக்கொல்லிகளுக்குப் பழகிக்கொள்ளும் தன்மையிலும் உடன்பிறப்பு இனங்கள் வேறுபடுகின்றன. டிடிடி மருந்துக்கு ஏ இனத்தைவிட பி இனம் கூடுதல் எதிர்ப்பைக் காட்டுவது கண்டறியப்பட்டது. பிழைத்த கொசுக்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மருந்து தோற்றதாகத் தோன்றும். நோயைப் பரப்பும் இனம் மடிந்திருந்தால், உண்மையில் அது வெற்றியே.

நகரத்துக் கொசுவின் கடல் பயணம்

இன்று உலக அளவில் அதிகக் கவலையைத் தோற்றுவித்திருப்பது நகர்ப்புற இனமான அனாபிலிஸ் ஸ்டெபென்சி. மும்பை நகரின் மலேரியாவுக்குக் கிணறுகளில் வளரும் இந்தக் கொசுவே காரணம் என்று 1911-இல் வெளியான அறிக்கையில் சார்லஸ் பென்ட்லி சுட்டிக்காட்டினார். சென்னையிலும் மலேரியாவின் முதன்மைப் பரப்பியாக இது நீண்டகாலமாக அறியப்படுகிறது.

தெற்காசியாவிலும் மேற்காசியாவிலும் வாழ்ந்து வந்த இந்த இனம், 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டது. மலேரியாவை ஏறத்தாழ ஒழித்திருந்த அந்நாட்டில் 2012-இல் 27 ஆக இருந்த பாதிப்பு, 2020-இல் 70 ஆயிரத்தைக் கடந்தது. எத்தியோப்பியாவின் டிரே தாவா நகரில் 2022-இல் வறண்ட காலத்திலேயே மலேரியா பரவியதற்கும் இக்கொசுவே காரணம் என்று ஆய்வுகள் தெரிவித்தன.

ஆப்பிரிக்காவின் பிற மலேரியாக் கொசுக்கள் பெரும்பாலும் மழைக்காலத்தில், கிராமப்புறத் தேங்கு நீரில் பெருகுபவை. ஸ்டெபென்சியோ மூடப்படாத தொட்டியிலும், கட்டுமானப் பணியிடத்தில் சேமித்த நீரிலும் ஆண்டு முழுவதும் வளரும். இதனால் நகரங்களும் கோடைக்காலமும் பாதுகாப்பானவை என்ற நிலை மாறியது. இதன் பரவலைத் தடுக்க உலக சுகாதார அமைப்பு 2022-இல் தனி முன்முயற்சியைத் தொடங்கியது.

இலங்கை மலேரியா இல்லாத நாடாக 2016 செப்டம்பரில் சான்றளிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில் ஸ்டெபென்சி முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. நோயைத் துடைத்தெறிந்த பின்பும் பரப்பிகளைக் கண்காணிப்பதை நிறுத்த முடியாது என்பதை இது உணர்த்தியது.

இனத்துக்கு ஏற்ற நடவடிக்கை

எந்த இனம் எங்கே வளர்கிறது, எப்போது கடிக்கிறது, கடித்தபின் எங்கே ஓய்வெடுக்கிறது என்பதைப் பொறுத்தே தடுப்பு முறை அமைய வேண்டும். கியூலிசிபேசிஸ் வீடுகளிலும் மாட்டுக் கொட்டகைகளிலும் ஓய்வெடுக்கும். எனவே சுவரில் மருந்து தெளிப்பது பயன் தரும். ஆனால் அந்த ஊரின் கொசுக்கள் அம்மருந்துக்குப் பழகிவிடாமல் இருக்க வேண்டும். பைமாயி இரவில் வந்து கடித்துவிட்டுக் காட்டுக்குத் திரும்பிவிடும். அதற்குச் சுவர் மருந்தைவிட மருந்து தோய்த்த கொசுவலையே சிறந்த காப்பு. ஒடிசாவின் தொலைதூரப் பகுதிகளில் 2017 முதல் கொசுவலை விநியோகமும் கிராம அளவிலான பரிசோதனை முகாம்களும் ஒருசேர நடத்தப்பட்டதைத் தொடர்ந்து பாதிப்பு வெகுவாகக் குறைந்தது.

ஸ்டெபென்சிக்கு எதிரான போர்க்களம் வீட்டின் மொட்டை மாடி. மேல்நிலைத் தொட்டியையும் கிணற்றையும் கொசு புகாதபடி மூடுவது, சேமித்த நீரை வாரம் ஒருமுறை வெளியேற்றிப் பாத்திரத்தைத் தேய்த்து உலர வைப்பது, பயன்பாட்டில் இல்லாத கிணறுகளில் கொசுப்புழுக்களை உண்ணும் மீன்களை விடுவது ஆகியவை நடைமுறையில் உள்ள வழிகள். முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், வாராந்திரத் தூய்மை அந்தச் சுழற்சியை இடையிலேயே முறித்துவிடும்.

கொசு எவ்வளவு திறன் மிக்க பரப்பியாக இருந்தாலும், நோயாளியின் இரத்தத்திலிருந்து ஒட்டுண்ணியைப் பெறாமல் அதனால் யாருக்கும் மலேரியாவைத் தர இயலாது. ஆகவே குளிருடன் கூடிய காய்ச்சல் கண்டவுடன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும், மலேரியா உறுதியானால் மருத்துவர் கூறும் நாட்கள் முழுவதும் மருந்து உட்கொள்வதும் அவசியம். காய்ச்சல் தணிந்த பின்பும் ஒட்டுண்ணியின் பாலணுக்கள் இரத்தத்தில் தங்கியிருக்கலாம். அவை முற்றிலும் அழியும்வரை, அந்த வீட்டுக்குள் நுழையும் அடுத்த அனாபிலிஸ் கொசு பிறருக்கு நோயைக் கொண்டு செல்லும் வாய்ப்பு நீடிக்கும்.